சின்னையா ஏற்றிய சிஸ்டம்

மலேசியாவில், ஈப்போ நகரத்துக் கம்ப்யூட்டர் கடையில் என்ன வேலை என்று யாராவது கேட்டால், மெஷின் பூட்டுகிறேன் என்பான் சின்னையா. அது பாதி உண்மை. தைவானிலிருந்து வரும் உதிரிகளைப் பொருத்தி முடித்தாலும், அதை ஓட்டுகிற சிஸ்டம் இருக்கிற டிஸ்க்கைச் செருகாதவரை அது வெறும் தகரப் பெட்டிதான். பேர்போன அமெரிக்கக் கம்பெனியின் டிஸ்க் ஒன்றைக் கடையில் வைத்துக்கொண்டு, விற்கிற ஒவ்வொரு மெஷினுக்கும் அதிலிருந்து ஒரு நகல் எடுத்துக் கொடுப்பது மீதிப் பாதி.

சுங்காய்ப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டியவர்களின் மகன் அவன். ரேடியோ ரிப்பேரில் தொடங்கி, டிவிக்கு ஏறி, எண்பத்து நான்கில் இந்தக் கடைக்கு வந்தான். நான்கு வருஷம் அந்த நகலைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு அப்படி நகல் எடுப்பதைக் குற்றமாக்கிப் புதுச் சட்டம் வந்தது. பக்கத்துத் தெருக் கடைக்குள் அதிகாரிகள் நுழைந்த அன்று அந்தக் கடை முதலாளி பினாங்கில் இருந்தார். மேசையில் உட்கார்ந்து நகல் எடுத்துக்கொண்டிருந்த வேலையாளை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

குனோங் ராபாட் வீட்டில் சின்னையாவின் மனைவி மங்களத்துக்கு ஏழாம் மாதம். சேதி கேட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"நகல் எடுக்கிறது உங்க கைதான்லா," என்றாள். "தவுக்கே கைய யாரு பாக்கப் போறா?" கடையின் சீன முதலாளியைத்தான் தவுக்கே என்பார்கள்.

அவனுக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. ஆஸ்திரேலியாவில் ஒரு கம்ப்யூட்டர் சங்கம். அதன் ஆட்கள் தாங்களே ஒரு சிஸ்டத்தை எழுதி, தபால் செலவை அனுப்பினால் யாருக்கும் டிஸ்க்கில் அனுப்பிவைத்தார்கள். எடுத்துக்கொள், திருத்து, பிறருக்கும் கொடு என்று கூடவே ஒரு தாள். உள்ளே எழுதியிருந்தது அத்தனையும் படிக்கத் திறந்து கிடந்தது. கடைப் பிரிண்டர் அதோடு ஒத்துப்போகாமல் முரண்டு பிடித்தபோது, சின்னையா மூன்று ராத்திரி உட்கார்ந்து இரண்டே வரியை மாற்றினான். பிரிண்டர் ஓடியது. முகம் தெரியாத யாரோ எழுதிய வீட்டில் தானும் ஓர் ஆணி அடித்த மாதிரி இருந்தது அவனுக்கு.

இனி மெஷினோடு இதையே ஏற்றி விற்போம் என்று தவுக்கேயிடம் கேட்டான். காசில்லாமல் வருவதை எவன் நம்புவான் என்று அவர் சிரித்தார். விடாமல் கேட்டதில் ஒரு நிபந்தனைக்கு இறங்கி வந்தார். ஒரே ஒரு மெஷின். அது குறை என்று திரும்பி வராவிட்டால், எல்லா மெஷினிலும் இதுதான். திரும்பி வந்தால் சின்னையா வாயை மூடிக்கொண்டு பழையபடி நகல் எடுக்க வேண்டும்.

அந்த ஒரு மெஷினை வாங்கியவர் இராஜசிங்கம். ரயில்வேயில் பெரிய கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துக்காரர்; பென்சன்காரர்களுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுப்பவர். "தம்பி, இதுக்குள்ள களவெடுத்தது ஒண்டும் இருக்கக் கூடாது, கண்டியோ," என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இவரைவிடத் தோதான ஆள் கிடைப்பாரா? வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்கே போய் மெஷினைப் பூட்டி, ஒரு மனுவை அடித்துக் காட்டிவிட்டு வந்தான். அன்றிரவு மங்களம் இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை, கார் பின்சீட்டில் மெஷினோடு இராஜசிங்கம் வந்து இறங்கினார். கூடவே அவர் மனைவி விமலாதேவி. கார்க் கதவை அவள் சாத்திய விதம் சரியில்லை என்று கடைமுன் ஐந்தடி நடைபாதையில் வைத்தே திட்டி ஒரு பாட்டு விட்டார். பிறகு தவுக்கேயிடம் திரும்பி, மெஷின் செத்துப்போய்விட்டது என்றார். தவுக்கே சின்னையாவைப் பார்த்தார். 

சின்னையா டிஸ்க்கை உறையிலிருந்து எடுத்தான். டிஸ்க்கின் ஓரத்தில், மெஷின் தொட்டுப் படிப்பதற்கென்று நீளவட்டமாய் ஓர் இடம் திறந்திருக்கும். பொட்டு வைக்கவே விட்டுவைத்த இடம் போலிருக்கும். அங்கே சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. நடுவில் குங்குமம். வெள்ளிக்கிழமை புதுச் சாமான் வந்த வீட்டில் வேறென்ன நடக்கும்? பெட்டிக்கு வைத்தாயிற்று, பிரிண்டருக்கு வைத்தாயிற்று, இதை மட்டும் விடுவானேன் என்று வைத்திருக்கிறார்கள்.

"ஐயா, இதுல சந்தனம் பட்டிருக்கு," என்றான் மெல்ல. "அதான் படிக்க மாட்டேங்குது. சிஸ்டம் மேல குத்தமில்ல."

"சந்தனம் பட்டுப் பழுதாப் போற சாமானும் ஒரு சாமானோ?" என்றவர் மனைவி பக்கம் திரும்பினார். "நீர் இதில கை வைச்சனீரோ?"

விமலாதேவியின் விரல்கள் கைப்பையின் வாரைச் சுற்றிக்கொண்டன. அவள் சின்னையாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"நான் வைக்கேல்லை," என்றாள்.

கடைச் சாமிமாடத்தில் ஊதுபத்தி மட்டும்தான்; சந்தனம் கிடையாது. எல்லோருக்கும் தெரியும். அதை ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை நாக்கின் நுனிவரை வந்தது. சொன்னால் வீடு போய்ச் சேரும்வரை காருக்குள் அந்த அம்மாள் என்னென்ன ஏச்சு வாங்க வேண்டியிருக்கும் என்பதும் கூடவே வந்தது.

"அப்ப என் கையிலேருந்து பட்டிருக்கும்யா," என்றான். "வெள்ளிக்கிழமை காலைல கோயிலுக்குப் போயிட்டுத்தான் உங்க வீட்டுக்கு வந்தேன்."

 வேறு நல்ல சிஸ்டம் போட்டுத் தரச் சொன்னார் இராஜசிங்கம். தவுக்கே மேசை இழுப்பறையைத் திறந்து அமெரிக்கக் கம்பெனி டிஸ்க்கைச் சின்னையா பக்கம் நகர்த்தினார். சின்னையா மெஷினின் படிக்கும் முனையைப் பஞ்சால் துடைத்தான், நகல் எடுத்தான், செருகினான். திரையில் அந்தப் பெரிய கம்பெனியின் பெயர் வந்ததும் இராஜசிங்கம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து படித்தார்.

"இதெல்லோ அசல்," என்றார்.

விமலாதேவி அதற்குள் காரில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலைக்குள் இன்னும் நான்கு மெஷினுக்கு நகல் எடுக்க வேண்டியிருந்தது. முதல் டிஸ்க்கைச் செருகுமுன் சின்னையா எழுந்து, சுவரைப் பார்த்துக் கிடந்த தன் மேசையை இழுத்து, வாசலில் எந்த வேன் வந்து நின்றாலும் தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டுக்கொண்டான்.