ஒற்றைக்கு இடது கால்

மாதையன் போன் பண்ணினபோது நான் ராகிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். “சித்தப்பா” என்றான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை. அவன் மகள் தேன்மொழி நாலு நாளாக டெங்குக் காய்ச்சலில் தர்மபுரி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சொல்லாமலே புரிந்துவிட்டது. களைக்கொத்தை எங்கே போட்டேன் என்று இன்றுவரை நினைவில்லை. எதையும் மறக்காதவன் நான்.

இண்டூரில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்ல, அவளோடு காலேஜில் படித்த மேரி எழுதுகிறாள். தேன்மொழியைத் தெரிந்தவர்கள் எல்லாரும் படிக்க வேண்டும்.

அவளுக்கு விமானப்படையில் பைலட் ஆக ஆசை. அதற்கு ஒரு சோதனை வைக்கிறார்கள். கைக்கு ஒரு வேலை, காலுக்கு ஒரு வேலை, காதுக்கு ஒரு வேலை, எல்லாம் ஒரே நேரத்தில். ஆயுசுக்கும் ஒரு தடவைதான்; தவறினால் மறுபடி உட்கார விடமாட்டார்கள். மாதையன் டிராக்டர் மெக்கானிக். பழைய சீட்டு, இரண்டு பெடல், ஒரு கியர் ராடு எல்லாம் வெல்டிங் வைத்துப் புளியமரத்தடியில் நிறுத்தினான். ராடு நுனியில் நீளக் கம்பி. கிளையிலிருந்து அவளுடைய பழைய வளையல் தொங்கும். கம்பி முனை அதைத் தொடாமல் உள்ளேயே நிற்க வேண்டும். அப்போது நான் எண்களைக் கூப்பிடுவேன். ஒற்றைக்கு இடது கால், இரட்டைக்கு வலது கால்.

தினமும் காலையில் நாற்பது எண். முடிந்ததும், “பதினேழாவதா கூப்பிட்டது இருபத்தாறு. நீ இடது காலை அமுக்கினே” என்பேன். “பொய் சொல்றீங்க தாத்தா” என்று சண்டைக்கு வந்தவள், மறுநாள் செல்போனில் வீடியோ எடுத்துப் போட்டுப் பார்த்தாள். அன்றும் நான் சொன்னதுதான் சரி. “நீங்க போய்ப் பரீட்சையில உக்காருங்க, நான் உங்க மாட்டை மேய்க்கிறேன்” என்றாள்.

வேலியோரம் போகிறவர்கள், “பிளேன் எப்போ கெளம்புது?” என்று சீண்டுவார்கள். “நீங்க ஏறினா கெளம்பாது மாமா, பாரம் தாங்காது” என்பாள், கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சோதனைக்குப் போக மொரப்பூரில் ரயில் ஏற்றிவிட்டோம். ஆறாம் நாள் திரும்பினாள். மறுநாள் காலை சீட்டில் உட்கார்ந்துகொண்டு, “போயிடுச்சு தாத்தா” என்றாள். “ஸ்கிரீன்ல புள்ளி ஓடுது. பார்த்துக்கிட்டே இருந்தேன், காலு நின்னுபோச்சு.” வீட்டில், லெட்டர் வரும் என்று சொல்லிவைத்திருந்தாள். “அப்பாகிட்ட நானே சொல்றேன். தீபாவளி முடியட்டும். அவரு வாசல்ல நின்னு பாக்கறாரு, நீங்க நம்பரைக் கூப்பிடுங்க.”

கூப்பிட்டேன். இருபத்திரண்டு நாள் கூப்பிட்டேன். கடைசி வாரத்தில் நாற்பதில் ஒன்றுகூடத் தவறவில்லை. அது இனி எதற்கும் ஆகாது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

தீபாவளிக்கு எட்டு நாள் இருக்கும்போது போய்விட்டாள்.

காரியம் முடிந்த பிறகும் மாதையன் தபால்காரரை வழிமறித்து, “பாப்பாவுக்கு லெட்டர் வந்துச்சுங்களா?” என்று கேட்டான். என்னிடம், “ஊருக்குக் காட்டணும் சித்தப்பா, எம்பொண்ணு பாஸாயிட்டான்னு” என்றான். மூன்று நாள் பார்த்தேன். நாலாம் நாள், அவள் சொல்ல இருந்ததை நான் சொன்னேன்.

அவன் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. போய் அந்தச் சீட்டில் உட்கார்ந்தான். செருப்பைக் கழற்றிவிட்டுப் பெடலில் காலை வைத்தான். “கூப்பிடுங்க” என்றான்.

நாற்பதும் கூப்பிட்டேன். கம்பி வளையலில் அடித்துக்கொண்டே இருந்தது. கால் எங்கெங்கோ போனது. எதெது தப்பு என்று நான் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. எழுந்தபோது, “இதை எல்லாருக்கும் சொல்லிடுங்க. எம்பொண்ணு மறைச்சான்னு இருக்க வேணாம்” என்றான். அதனால்தான் சொன்னேன்.

வளையலை அவிழ்த்து என்னிடம் கொடுத்துவிட்டான். அது இருக்கிறது. அவள் கடைசியாக உட்கார்ந்த காலையில் நான் கூப்பிட்ட எண்களும் மனசில் இருக்கின்றன. ஏழில் தொடங்கி அறுபத்து நாலில் முடியும். நாற்பதும் சரி, கண்ணு.