ஒன்பதாம் நம்பர் கவர்

போன வாரம் தம்பி மகள் வெளிநாட்டிலிருந்து வந்தபோது எனக்கு ஒரு பெட்டி பென்சில் கொண்டுவந்தாள். அத்தை குறுக்கெழுத்து போடுகிறவள் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். போடுவது உண்மை, முடிப்பதுதான் கிடையாது. ஒன்றை எடுத்துச் சீவினேன். சுருளாக விழுந்த மரச்சீவலிலிருந்து ஒரு வாசனை எழுந்தது பாருங்கள், சீவியதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தேவதாரு எண்ணெய் வாசனை!

உங்களுக்கு அது வெறும் பென்சில் வாசனை. எனக்கு அது இருபத்து மூன்று வயது. அந்தக் காலத்தில் மைக்ராஸ்கோப்பில் ரத்த அணுவை நன்றாகப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டுமென்றால், ஸ்லைடின் மேல் அந்த எண்ணெயில் ஒரு சொட்டு விட்டு லென்சின் மூக்கை அதில் முக்க வேண்டும். வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மாடியில் எங்கள் லேப் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் தாமிரபரணி தெரியும். ஸ்லைடுக்குப் பூசும் சாயம் ஏறி என் விரல் நகமெல்லாம் எப்போதும் ஊதா நிறம். பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார் அந்த நகத்தைப் பார்த்துவிட்டு, பெண்ணுக்கு நெஞ்சு நோய் ஏதும் உண்டா என்று என் சித்தியைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று. நல்லதுதான், மாப்பிள்ளை எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் டாக்டருக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கலாம். நடக்கத் தெரியாத மனிதர். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவித்தான் ஏறுவார். வெளியூரில் ஒரு பெரிய மையத்தில் படித்துவிட்டு வந்தவர். அந்த மையம் ஒரு புது மருந்தைச் சோதிக்கப் போகிறது என்று தெரிந்ததும், கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டு எங்கள் சின்ன ஆஸ்பத்திரியையும் அதில் சேர்த்துவிட்டார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது.

பெரியவர்களுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை. எலும்புக்குள் பிறக்கிற வெள்ளணு வளர்ந்து ஆளாகி ரத்தத்துக்கு வேலைக்குப் போக வேண்டும். இந்த நோயில் அது பாதி வளர்ச்சியில் அடம் பிடித்து நின்றுவிடும். நின்றதோடு விடாமல் கூட்டம் கூட்டமாகப் பெருகும். நோயாளிக்குப் பல் ஈறிலிருந்து, மூக்கிலிருந்து, எங்கிருந்து என்று இல்லாமல் ரத்தம் கசியும். தலைக்குள் கசிந்தால் முடிந்தது. பழைய ஊசி மருந்து அந்த அணுக்களைக் கொல்லும். புதிதாக வந்திருந்த கேப்சூல், வைட்டமின் ஏ சத்துக்கு உறவுமுறை. அது கொல்லாது, அணுவை வளர வைக்கும் என்றார்கள். பாதிப் பேருக்கு ஊசி மட்டும், மீதிப் பேருக்கு ஊசியோடு கேப்சூலும் கொடுத்துப் பார்த்தால்தான் எது மேல் என்று தெரியும். யாருக்கு எது என்பதை டாக்டர் முடிவு செய்யக் கூடாது. மையத்திலிருந்து பன்னிரண்டு கவர்கள் வந்தன. வெளிச்சத்தில் பிடித்தாலும் உள்ளே தெரியாத தடித்த பழுப்புக் கவர், மூலையில் சின்னதாக நம்பர். ஆள் வர வர வரிசைப்படி ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். பீரோ சாவி என்னிடம். அந்தச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டு கவர் திறந்து முடிந்திருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை விக்கிரமசிங்கபுரத்திலிருந்து சுடலைமுத்து அண்ணாச்சியை அழைத்துக்கொண்டு அவர் மனைவி வடிவு வந்து இறங்கினாள். மில்லில் நூற்புப் பகுதியில் வேலை. தொடையில் கன்றிப்போன தடங்களை மெஷின் இடித்தது என்று நினைத்து பத்து நாள் சும்மா இருந்திருக்கிறார். வாய்க்குள் ஒரு துணியைக் கடித்துக்கொண்டிருந்தார். துணி சிவப்பாக இருந்தது. ஸ்லைடைப் பார்த்தேன். அணுக்களுக்குள் சுள்ளிக்கட்டு போலக் குச்சி குச்சியாகக் கிடந்தது. அந்த நோய்க்கு அதுதான் அடையாளம். டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கே ஆரம்பிக்கணும்மா" என்றார்.

சம்மதப் பத்திரம் என்று நான்கு பக்கம் உண்டு. அந்தத் தமிழை எழுதியவர் தமிழைப் பார்த்தே இருக்க மாட்டார். டாக்டர் அதை மூடி வைத்துவிட்டு வாயால் சொன்னார்.

"புது மருந்து நல்லதா, பழசே போதுமான்னு எங்களுக்கே இன்னும் தெரியாதும்மா."

"தெரியாதுன்னு சொல்லவா இம்புட்டுப் படிச்சீய?" என்றாள் வடிவு.

டாக்டர் அசரவில்லை. கவர் விஷயத்தைச் சொன்னார். அவள் முகம் சட்டென்று தெளிந்தது. "பூக்கட்டிப் பாக்குததுதானே? இதை முதல்லயே சொல்லப்படாதா!"

எங்கள் பக்கத்தில் ஒரு காரியம் செய்யலாமா வேண்டாமா என்று குழம்பினால், சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் முன்னால் போட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வந்த பூவுக்கு மறுபேச்சு கிடையாது. நான்கு பக்கப் பத்திரத்தால் முடியாததை அந்த ஒரு வார்த்தை முடித்துவிட்டது. அண்ணாச்சி துணியை எடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். டாக்டர் என்னிடம், "அடுத்த கவரை எடுத்துட்டு வா" என்று சொல்லிவிட்டு, ரத்தம் ஏற்பாடு செய்ய ஓடினார்.

வடிவு என் பின்னாலேயே லேப்புக்கு வந்துவிட்டாள். நான் பீரோவைத் திறந்து மேலே இருந்த கவரில் கை வைத்தேன்.

"இந்தா பிள்ள, என்ன செய்யுத? மேல கெடக்கதை எடுத்தா அது பூவா? எல்லாத்தையும் விரிச்சுப் போடு. நீ கல்யாணம் ஆவாத பிள்ளதானே, நீயே கண்ணை மூடிக்கிட்டு எடு."

சரி என்றுதான் எனக்குத் தோன்றியது. அதுதான் இன்றும் ஆச்சரியம். வரிசை, விதி, மையம் கொடுத்த மூன்று நாள் பயிற்சி எல்லாம் மறந்துபோயிற்று. பூக்கட்டிப் பார்த்தால் விரித்துத்தானே போட வேண்டும்? சுவரில் இருந்த அம்மன் காலண்டருக்குக் கீழே பத்துக் கவரையும் கலைத்துப் போட்டேன். வடிவு மடியிலிருந்து பொட்டலத்தை அவிழ்த்து என் விரலில் குங்குமம் தடவிவிட்டாள். கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தேன். ஊசியும் கேப்சூலும் என்று இருந்தது. வடிவு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

அவள் கணவரிடம் ஓடிய பிறகு, ரிஜிஸ்டரில் எழுதக் கவரைத் திருப்பினேன். நம்பர் ஒன்பது.

 எடுத்திருக்க வேண்டியது மூன்று. யாரும் பார்க்கவில்லை, கவரைக் கிழித்துப் போட்டுவிட்டு மூன்று என்று எழுதியிருக்கலாம். நான் ஒன்றும் அரிச்சந்திரன் வீட்டுப் பெண் இல்லை. ஆனால் டாக்டர் அந்தச் சோதனைக்காக எழுதிய கடிதங்களை எல்லாம் தபாலில் சேர்த்தவள் நான். பொய்யை எழுதினால் கடைசியில் வரும் பதிலும் பொய்யாகிவிடும் என்பது மட்டும் புரிந்தது. போய்ச் சொன்னேன். டாக்டர் வாழ்க்கையில் முதல் தடவையாக நடந்து வந்தார்.

எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து மையத்தைக் கூப்பிட்டார். சோதனைக் கணக்கைப் பார்க்கும் அதிகாரி கூட்டத்தில் இருக்கிறாராம்; நான்கு மணிக்குப் பேசச் சொன்னார்கள். மணி ஒன்று. கேப்சூல் கடையில் கிடைக்காது. மையம் அனுப்பியதுதான், அவர்கள் சொல்லாமல் ஒன்றைத் தொடக் கூடாது. ஊசியை ஆரம்பித்துவிட்டோம். அண்ணாச்சியின் வாயில் துணி மாறிக்கொண்டே இருந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை, வடிவிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

"தப்பு எம்மேலதான் அக்கா. வேற கவரை எடுக்கச் சொன்னாலும் சொல்லுவாங்க."

அவள் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "விழுந்த பூவை மாத்த எவனுக்கு முடியும்னு கேட்டுச் சொல்லு," என்றாள். பிறகு கணவரின் காலடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நான்கு மணிக்கு பூத்துக்குள் நானும் டாக்டரும் ஒட்டிக்கொண்டு நின்றோம். அதிகாரி என்னிடமே கேட்டார். கவருக்குள் தெரிந்ததா? இல்லை சார். வேறு எதையாவது பிரித்துவிட்டு மூடினாயா? இல்லை சார். ஏன் கலைத்தாய்? சொன்னேன். பூ, அம்மன், குங்குமம், கண்ணை மூடியது எல்லாவற்றையும் சொன்னேன்.  அப்புறம் சொன்னார்: "எடுத்தவருக்கே தெரியாம எடுத்திருந்தா அதுவும் குலுக்கல் சீட்டுதாம்மா. ஒன்பதே இருக்கட்டும். நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இனிமே கலைச்சீங்கன்னா சாவியைப் பிடுங்கிருவேன்."

டாக்டர் ரோட்டைத் தாண்டி ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு பூத் வாசலிலேயே கிடந்தது. நான்தான் எடுத்து வந்தேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் போன்ற நாட்கள் எனக்கு மறுபடி வரவில்லை. நான்காம் நாள் துணிக்கு வேலை இல்லாமல் போயிற்று. அண்ணாச்சிக்குத் தலைவலி, உதடு வறண்டு வெடித்துச் செக்கச்செவேல் என்று ஆனது. கேப்சூல் அப்படிச் செய்யும். வருஷா வருஷம் குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேஷம் கட்டுகிறவர் அவர். "இந்தத் தடவை காளிக்குச் சாயமே வேண்டாம் போல," என்று சிரித்தார். நான் தினமும் ரத்தம் எடுத்து, சாயம் பூசி, எண்ணெய்ச் சொட்டு விட்டுப் பார்ப்பேன். டாக்டர் வார்டுக்குப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, காரணமே இல்லாமல் ஒரு தடவை வந்து எட்டிப் பார்ப்பார்.

இரண்டு வாரம் தாண்டி ஒரு காலை. நன்கு வளர்ந்த ஒரு வெள்ளணு. மடல் மடலான உட்கரு, ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அதன் வயிற்றுக்குள் ஒரே ஒரு சுள்ளி! பழைய போக்கிரியேதான், திருந்தி ஆளாகி வந்து நிற்கிறான். "சார்!" என்று நான் போட்ட சத்தத்தில் கீழே மருந்துக் கடையில் இருந்தவர்கள்கூட ஏறி வந்தார்கள். டாக்டர் பார்த்தார், நகரவே இல்லை. வடிவையும் கூட்டி வந்து ஒரு கண்ணை மூடச் சொல்லிக் காட்டினோம். நெடுநேரம் பார்த்தாள்.

"அடிக்காம திருத்தியிருக்கு," என்றாள்.

இந்தக் குதூகலத்தின் நடுவில்தான் ஜெபமணி சார் வந்தார். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் டிரில் மாஸ்டர். கழுத்தில் விசிலோடுதான் அட்மிட் ஆனார். அதே நோய். பூக்கதையை நர்ஸ்கள் சொல்லக் கேட்டுச் சிரித்து, "எங்க வேதத்துலயும் சீட்டுப் போடுதாங்க, ஆனா நீ வரிசைப்படியே எடு," என்றார். வரிசைப்படி எடுத்தேன். மூன்றாம் நம்பர். ஊசி மட்டும்.

என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். கேட்டார், சொல்லிவிட்டேன். அவர் விசிலை உருட்டிக்கொண்டே, "பழசே போதும்னு தெரிஞ்சாலும் அதுவும் பதில்தானே? என்னையும் கணக்குல சேப்பாங்கள்லா, அது போதும். நீ அழாத, சாயம் பூசப் போ," என்றார். பத்தொன்பதாம் நாள் தலைக்குள் ரத்தம் கசிந்து இறந்துபோனார். அன்று நான் எந்த ஸ்லைடையும் பார்க்கவில்லை. வரிசைப்படி எடுத்திருந்தால் அந்த மூன்று அண்ணாச்சிக்குப் போயிருக்கும். என் கை எடுத்தது ஒன்பது என்பதை அன்றைக்குப் போல நான் என்றுமே வெறுத்ததில்லை. சுடலைமுத்து அண்ணாச்சியின் படுக்கையைக் கடந்து போகும்போது சந்தோஷமும் வந்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பின்னால் மையத்திலிருந்து ஒருவர் காகிதங்களைச் சரிபார்க்க வந்தார். ஒன்பதாம் கவரைத் தூக்கிப் பிடித்து, இந்தச் சிவப்புக் கறை நோயாளியின் ரத்தமா என்று கேட்டார். குங்குமம் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

அதற்கும் பிறகு ஒரு நாள் டாக்டர் படியை மூன்று மூன்றாகத் தாவி வந்தார். கையில் மையத்தின் கடிதம். கேப்சூல் சேர்ந்ததுதான் மேல் என்று தெளிவாகிவிட்டதாம். இனிமேல் இந்த நோயோடு வரும் எல்லோருக்கும் அதைக் கொடுக்கலாம். மிச்சக் கவர்களைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புங்கள். திருநெல்வேலியில் சந்தோஷம் என்றாலே அல்வா என்று நீங்கள் நினைப்பீர்கள். டாக்டர் வாங்கி வந்தது பக்கோடா. கவர்களைக் கட்டும்போது எல்லாவற்றிலும் எண்ணெய் ஆகிவிட்டது.

அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை, அங்கே ஜவுளிக்கடை. எஸ்.டி.டி. பூத் இல்லை. தேவதாரு எண்ணெய்க்குப் பதில் வாசனையே இல்லாத ஏதோ ஒன்று வந்துவிட்டது. கவர் கிடையாது; புது மருந்துச் சோதனை என்றால் கம்ப்யூட்டர் சீட்டுப் போடுகிறது, அதற்குக் குங்குமம் வைக்க வழியில்லை. சுடலைமுத்து அண்ணாச்சி மில்லிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். தசரா முடிந்ததும் வடிவு போன் செய்து, இந்த வருஷம் என்ன வேஷம் என்று சொல்வாள்.

நான் வேலை பார்க்கிற இப்போதைய லேப்புக்குப் போன மாதம் வள்ளியூரிலிருந்து ஓர் ஆட்டோ டிரைவரின் ரத்தம் வந்தது. மெஷின் சந்தேகப்பட்டது, ஸ்லைடில் நான் பார்த்தேன்: சுள்ளிக்கட்டு. ஒரு மணி நேரத்துக்குள் கேப்சூல் வாய்க்குள் போய்விட்டது. அவர் மனைவி சின்னப் பெண். அவ்வளவு சீக்கிரம் முடிந்ததை நம்ப முடியாமல் லேப் வாசலில் வந்து நின்றாள்.

"இவ்வளவுதானா அக்கா? வேற ஒண்ணும் செய்ய வேண்டாமா?"

"ஒண்ணும் வேண்டாம்மா," என்றேன். "உங்க சீட்டை ஒரு டிரில் மாஸ்டர் எப்பவோ எடுத்துட்டாரு."