இருபத்து மூன்றாம் எண் வந்திருக்கிறது

அறிவியல் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. விடைத்தாளில் அடித்துத் திருத்திய எழுத்துக்கு அடியில் முதலில் என்ன இருந்தது என்று பார்க்கிற கண். இருபத்தாறு வருடம் சாக்பீஸ் தூளைத் தின்றவர், ஐம்பது வயதில் வகுப்புக்கென்று ஒரு வலைப்பூ ஆரம்பித்தார். பஸ் டெப்போவில் நேரம் குறிக்கிற வேலையில் இருக்கும் வீட்டுக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"உன் வலைப்பூவைப் படிக்கிறவங்கள விட என் பஸ் படியில தொங்கறவங்க ஜாஸ்தி."

"படியில தொங்கறவங்க எங்கேயும் போய்ச் சேர மாட்டாங்க. என் பிள்ளைங்க சேருவாங்க," என்றார் டீச்சர். வாயாடுவதில் அவரை ஜெயிக்க ஆள் கிடையாது.

வலைப்பூவில் யாரும் பெயர் போடக்கூடாது, வருகைப் பதிவேட்டில் உள்ள எண்ணை மட்டும் போட வேண்டும். டீச்சர் வைத்த சட்டம் அது. அதனால்தான் அந்த அதிசயம் நடந்தது. வகுப்பில் கேள்வி கேட்டால் நகத்தைக் கடிக்கிற ஏழாம் எண், வேர் எப்படித் தண்ணீர் குடிக்கிறது என்று ஒரு பக்கம் எழுதியது. திக்கித் திக்கிப் பேசும் முப்பத்து மூன்றாம் எண் அதற்கு மறுப்பு எழுதியது. வாயே இல்லை என்று நினைத்த பிள்ளைகளுக்கெல்லாம் வாய் முளைத்துவிட்டது. டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அத்தோடு நேரடி வினாடி வினா. செவ்வாயும் வியாழனும் மூன்றாம் பீரியடில் கணினி அறைத் திரையில் கேள்வி விழும். பிள்ளைகள் ஆளுக்கொரு கணினியில் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்ற நான்கு பொத்தான்களில் ஒன்றை அமுக்க வேண்டும். எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று திரையின் மூலையில் தெரியும்.

தேர்வு விடுமுறை முடிந்து வந்த முதல் செவ்வாய்க்கிழமை அந்த மூலையில் முப்பத்தொன்பது என்று இருந்தது. அறையில் இருந்தது முப்பத்தெட்டு பேர்.

டீச்சர் தலைகளை எண்ணினார். திரும்பவும் எண்ணினார். அதற்குள் முன்வரிசைப் பெண் பட்டியலைப் படித்துவிட்டாள். "டீச்சர், இருபத்து மூணு வந்திருக்கு."

இருபத்து மூன்றாம் எண்ணுக்கு உரியவள் விடுமுறையில் காய்ச்சலில் போய்விட்டாள். எல்லாருக்கும் தெரியும். திரை தெரிவதற்காக ஜன்னல் திரைகளை இழுத்து மூடியிருந்தார்கள். அந்த அரை இருட்டில் முப்பத்தெட்டு பிள்ளைகளும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

எண்ணை டீச்சர் நீக்காமல் விட்டதற்குக் காரணம் இருந்தது. ஒன்றை எடுத்தால் கீழே உள்ளவர்கள் எல்லாரும் ஒரு படி மேலே ஏறிவிடுவார்கள், யார் எழுதியது எது என்று குழம்பிவிடும். இது ஊருக்குச் சொன்ன காரணம். உண்மையில் அந்த எண்மேல் கை வைக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. சாவு வீட்டுக்கே அவர் போகவில்லை. தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டார்.

யாரோ ஒரு பிள்ளையின் குறும்பு என்றுதான் முதலில் அவர் சந்தேகப்பட்டார். கடவுச்சொல்லை மாற்றினார். வியாழனன்று திரும்பவும் முப்பத்தொன்பது. கேள்வி எதுவானாலும் இருபத்து மூன்று பச்சையைத்தான் அமுக்கியது. சரியான விடை சிவப்பானாலும் பச்சை, நீலமானாலும் பச்சை. நேரம் முடிய ஒரு விநாடி இருக்கும்போது, தயங்கித் தயங்கி அமுக்குவதுபோல் வந்து விழும். அடுத்த வாரம் வலைப்பூவிலும் பாடங்களுக்கு அடியில் உள்ள 'படித்துவிட்டேன்' என்ற பச்சைப் பொத்தானில் இருபத்து மூன்றின் அடையாளம் வரிசையாக விழுந்திருந்தது. பழைய பாடங்கள், புதிய பாடங்கள், ஒன்று பாக்கியில்லை.

அவளுடைய பழைய இருக்கைக்குப் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று ஒருத்தி அழுதாள். ஏழாம் எண் எழுதுவதை நிறுத்திக்கொண்டது. பெற்றோர் இரண்டு பேர் பள்ளிக்கு வந்து சத்தம் போட்டார்கள். தலைமையாசிரியை டீச்சரைக் கூப்பிட்டு நறுக்கென்று சொன்னார்: "வெள்ளிக்கிழமைக்குள்ள இது யாருன்னு கண்டுபிடிங்க. இல்லேன்னா உங்க வலைப்பூ, வினாடி வினா எல்லாத்தையும் மூடிடுங்க. பேய் பிடிச்ச பள்ளிக்கூடம்னு பேர் வாங்க நான் தயாரா இல்ல."

மூடினால் அந்த வாயில்லாப் பிள்ளைகள் பழையபடி நகத்தைக் கடிக்கப் போய்விடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை மூன்றாம் பீரியடில் பிள்ளைகளை விளையாட்டு மைதானத்துக்கு அனுப்பினார். எல்லாக் கணினிகளையும் அணைத்தார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். தன் மேஜையில் உள்ள ஒன்றில் மட்டும் வினாடி வினாவைத் திறந்து வைத்து, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பூஜ்யம் என்றது திரை. வெளியே பிள்ளைகள் பந்துக்குக் கத்துவது தூரத்தில் கேட்டது.

பூஜ்யம் ஒன்றாக மாறியது. 'இருபத்து மூன்றாம் எண் வந்திருக்கிறது.'

"யாரும்மா அது?" என்று டீச்சர் வாய்விட்டே கேட்டுவிட்டார். காலி நாற்காலிகளைப் பார்த்து அறிவியல் டீச்சர் அப்படிக் கேட்டார். ஆனாலும் எழுந்து ஓடவில்லை, அதை அவருடைய கணக்கில் சேர்க்க வேண்டும். பட்டப்பெயருக்கு மரியாதை செய்வதுபோல் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அமைப்புப் பக்கத்தை வரி வரியாகப் படித்தார். அடியில் பொடி எழுத்தில் இருந்தது: 'நினைவூட்டல் மூலம் இணைந்தவர்.' பக்கத்தில் ஒரு தொலைபேசி எண்.

டீச்சருக்குச் சுருக்கென்றது. வருட ஆரம்பத்தில் ஒவ்வொரு வீட்டின் எண்ணையும் அவர்தான் தட்டச்சு செய்தார். வகுப்பு நேரத்தில் வராதவர்களைத் தானாகவே போனில் கூப்பிடும் வசதி ஒன்று இருந்தது; போனை எடுத்தால் அந்தப் பிள்ளையின் எண் வினாடி வினாவில் சேர்ந்துவிடும். அதையும் அவர்தான் போட்டுவிட்டார், போட்டதை மறந்தும் போனார்.

வியாழக்கிழமை மூன்றாம் பீரியடுக்கு அனுமதி கேட்டுக்கொண்டு இருபத்து மூன்றாம் எண்ணின் வீட்டுக்குப் போனார். ஒற்றை அறை. இஸ்திரி போடுகிற வீடு. மேஜையில் யார் யாருடைய சட்டைகளோ மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தன. அவளைப் பெற்ற அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டீச்சர் பேச்சை ஆரம்பிப்பதற்குள் ஜன்னல் ஓரத்தில் இருந்த போன் பேசியது.

"எங்கே போயிட்ட? வகுப்பு ஆரம்பிச்சாச்சு. உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம். சீக்கிரம் வா!"

டீச்சருடைய குரல். கொஞ்சலாக, பாதிச் சிரிப்போடு. எப்போதோ உற்சாகத்தில் பதிவு செய்து வைத்தது. தன் குரல் தன்னைக் கேட்காமல் அந்த அறையில் செத்துப்போன பிள்ளையைக் கூப்பிடுவதைக் கேட்டு டீச்சருக்கு உடம்பெல்லாம் கூசியது.

அந்த அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது டீச்சர். போன் வந்தா பச்சைய அமுக்கணும்னு பொண்ணு சொல்லிக் குடுத்தா. அதான் பச்சை எங்க தெரிஞ்சாலும் அமுக்கிடுவேன். நிறைய வரும். கடைசி வரைக்கும் அமுக்குவேன்."

"அம்மா, அது... அது தானா வர்றது. நான்தான் நிறுத்தாம விட்டுட்டேன். தப்பு என்மேலதான். பிள்ளைங்க பயந்துபோய் இருக்காங்க."

"பயப்படறாங்களா? ஐயோ, நான் அதுக்காகப் பண்ணலையே." அவள் தரையில் உட்கார்ந்தாள். "எல்லாரும் வந்து அழுதுட்டுப் போனாங்க டீச்சர். கணக்கு சார் வந்தார், வாட்ச்மேன்கூட வந்தார். நீங்க மட்டும் வரல. அப்புறம் நீங்களே வா வான்னு கூப்பிட்டீங்க. சரி, டீச்சருக்கு விஷயம் தெரியாது போலிருக்குன்னு நினைச்சேன். தெரியாதவங்க ஒருத்தராவது இருக்கட்டுமே. அவங்க கணக்குல என் பொண்ணு வெறுமனே லீவு போட்டவளா இருந்துட்டுப் போகட்டுமே. எடுக்காம விட்டா யாராவது உங்ககிட்ட சொல்லிடுவாங்கன்னு, விடாம அமுக்கினேன்."

அந்த அம்மா நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்தாள்.

"நிஜமாவே உங்களுக்குத் தெரியாதுதான டீச்சர்?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயாடி ஜெயிப்பவருக்கு ஒரு பொய்யா பஞ்சம்? அவமானத்தில் முகம் எரிந்தது. ஆனால் அந்தப் பார்வைக்கு முன்னால் நாக்குப் புரளவில்லை.

"தெரியும்மா."

"எப்பலேர்ந்து?"

"அன்னைக்கே தெரியும். வர்றதுக்குப் பயந்துட்டேன்."

அந்த அம்மா திட்டவில்லை. அழவும் இல்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை டீச்சர் பக்கம் நகர்த்தினாள்.

"இதுலேர்ந்து அவ பேரை எடுக்கறது எங்க இருக்கு?"

டீச்சர் இரண்டு பக்கம் தள்ளி, 'வெளியேறு' என்ற சிவப்புப் பொத்தானைக் கண்டுபிடித்தார். அமுக்குவதற்கு விரலைக் கொண்டுபோனார். அந்த அம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீங்க வேண்டாம் டீச்சர். பெத்தவ நான் அமுக்கறேன்."