ஒண்ணாம் நம்பர் டோக்கனும் தாஸ் அண்ணனும்

"தாஸைக் குடுத்துட்டு, யாருன்னே தெரியாத ஒருத்தனை வாங்கறதா? நல்லா கீதுபா உங்க நியாயம்!"

காலை பெங்களூர் ரயிலில் பின் சீட்டிலிருந்து வந்தது இந்தக் குரல். என் பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா, போலீஸைக் கூப்பிடலாமா என்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தாஸ் அண்ணனைக் கொடுக்கும் கடிதம் என் பையில்தான் இருந்தது. டைப் செய்தவளும் நானே.

ஹாக்கி டீமுக்குச் செயலாளராக இருப்பது, பந்தைத் தொடாமலே அடிபடும் வேலை. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்ற ஒரே குற்றத்துக்காக ஏதாவது ஒரு சங்கத்தில் நோட்டு எழுதும் தண்டனை பெற்றவர்களே, உங்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை.

நோட்டில் உள்ள விதி

தங்கச் சுரங்கம் மூடிப்போன எங்கள் ஊரில் ஐந்து ஹாக்கி டீம். நான் நந்திதுர்க் டீம். வருடம் ஒருமுறை, ஒரு ஞாயிறு காலை, புதிதாக ஆட வருபவர்கள் மைதானத்தில் வரிசையாக நிற்பார்கள். டீம்கள் முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும். முறைக்கு அடையாளம், அந்தக் காலத்தில் சுரங்க ஷாஃப்டில் இறங்குபவர்களுக்குக் கொடுத்த பித்தளை டோக்கன். அதை யார் கையில் வைக்கிறார்களோ, அவர் அந்த டீம். போன வருடம் கடைசியாக வந்த டீமுக்கு ஒண்ணாம் நம்பர். டோக்கனைக் கொடுத்து ஆளை வாங்கலாம். ஆளைக் கொடுத்து டோக்கனையும் வாங்கலாம்.

அப்படி மாற்றப்பட்ட ஆள் அந்த ஞாயிறு ஏழு மணிக்குள் லீக் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் டோக்கன் மாறியது மாறியதுதான், அவருக்கு மட்டும் எந்த டீமும் இல்லை. புதியவர்களோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான். இதுவரை யாரும் நின்றதில்லை. லீக் நோட்டும் என் தலையில்தான். அதைப் புரட்டிப் பார்த்த என் அம்மா சொன்னார்: "இதையெல்லாம் பத்திரமா வெச்சிருக்கீங்க, ரேஷன் கார்டை மட்டும் தொலைச்சுடுவீங்க."

பன்னிரண்டு விநாடி

எங்கள் தலைவர் ஜெயபால் சாருக்கு பஜாரில் பாத்திரக்கடை. அவருக்கு யாரோ ஒரு வீடியோ அனுப்பினார்கள். கிரண் என்ற கல்லூரிப் பையன் மொட்டைமாடியில் கோல்கீப்பராக நின்று பாய்ந்து பாய்ந்து பந்தைத் தடுக்கிறான். பன்னிரண்டு விநாடி. அதற்குள் சாருக்குப் பதினேழு வருடம் மறந்துவிட்டது. எங்கள் கோலில் தாஸ் அண்ணன் நின்றது அத்தனை வருடம். "அவனுக்கு முப்பத்தெட்டு ஆயிடுச்சும்மா. முட்டி கதவு மாதிரி சத்தம் போடுது. ஒண்ணாம் நம்பர் வாங்கறோம், கிரணை எடுக்கறோம்" என்றார்.

நான் வீடியோவை இன்னொரு முறை ஓட்டி, கடைசி விநாடியில் நிறுத்திக் காட்டினேன். பந்தை அடித்துக்கொண்டிருந்தது நைட்டி போட்ட ஒரு பெண்மணி. கிரணின் அம்மா. சார் கண்ணாடியை ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் அடிக்கறாங்க. அவங்களும் வரிசைல வராங்களா, கேளு."

பேச்சுவார்த்தை

ஒண்ணாம் நம்பர் மைசூர் மைன்ஸ் டீமிடம் இருந்தது. அதன் மேனேஜர் முனிரத்தினம் சாருக்கு தாஸ் அண்ணன் என்றால் உயிர். அவர் டீமின் பெனால்டி கார்னர்களையெல்லாம் தடுத்துத் தடுத்து அவரைக் கடைசி இடத்துக்கு அனுப்பியவரே அண்ணன்தான். தாஸ் அண்ணனும் எங்கள் நாலாம் நம்பர் டோக்கனும் அவருக்கு. ஒண்ணாம் நம்பர் எங்களுக்கு. ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

முடியாமல் நின்றது ஒரே விஷயம். தாஸ் அண்ணனின் கால் பேட்களைப் பதினேழு வருடமாக யாரும் துவைத்ததில்லை. துவைத்தால் ராசி போய்விடுமாம். அவர் மனைவி சாந்தி அக்கா அவற்றை வீட்டுக்குள் விடுவதில்லை. முனிரத்தினம் சார் கடிதத்தை வாங்கி, மூக்கைத் தடவிக்கொண்டே ஒரு வரி சேர்க்கச் சொன்னார்.

"ஆள் போதும், பேட் வேணாம்னு எழுதும்மா."

ரயிலில்

தாஸ் அண்ணன் பெங்களூரில் செக்யூரிட்டி, என் ரயில்தான். கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். நோட்டையும் பேனாவையும் நீட்டினேன். பேனாவை வாங்கிப் பார்த்துவிட்டு, மூடி போட்டுத் திருப்பிக் கொடுத்தார். இறங்கும்போது மட்டும் கேட்டார்.

"ஒண்ணாம் நம்பருக்குத்தானே குடுத்தாரு? மூணு நாலுன்னு இருந்தா ஊர்ல தல காட்ட முடியுமா, சொல்லு?"

கடையில்

மைசூர் மைன்ஸுக்குக் கொடுக்க வேண்டிய நாலாம் நம்பர் டோக்கனை வாங்க, சனிக்கிழமை ஜெயபால் சார் கடைக்குப் போனேன். பழைய பித்தளைக் குடத்தோடு ஓர் அம்மா நின்றிருந்தார். ஜெயபால் சார் குடத்தை விரல் மடக்கி இரண்டு தட்டு தட்டி, காதை வைத்துக் கேட்டு, "இதைப் போட்டுட்டு ஸ்டீல் எடுத்துக்கோங்கம்மா, பளபளன்னு இருக்கும்" என்றார்.

"பழசை இன்னா பண்ணுவீங்க? உருக்கிடுவீங்களா?"

"ஐயோ, இந்த மாதிரி குடத்தை யாராவது உருக்குவாங்களா? வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவேன்" என்ற சார், என்னைப் பார்த்ததும் ஏனோ தராசைத் துடைக்க ஆரம்பித்தார். அந்த அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"அப்போ எங்க தலைல மட்டும் எதுக்கு சார் புதுசைக் கட்டறீங்க?"

ஏழு மணி

ஞாயிறு. ஏழு அடித்தது. நோட்டில் தாஸ் அண்ணனின் கட்டம் காலி. வரிசையில் பதினான்கு பேர் நிற்க வேண்டும். பதினைந்து பேர் நின்றார்கள். கடைசி ஆளின் காலில் அந்தப் பேட்கள். அவருக்குப் பக்கத்தில் நின்ற கிரண் ஓர் அடி தள்ளி நின்று மரியாதையாகக் கேட்டான்: "அண்ணா, நீங்க எந்த காலேஜ்?"

முனிரத்தினம் சார் என்னிடம் ஓடி வந்தார். விதியைக் காட்டினேன். "கையெழுத்து இல்ல, சார்" என்று காலிக் கட்டத்தில் விரலை வைத்தேன். அவர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"போகட்டும். ஒண்ணாம் நம்பர்ல முப்பத்தெட்டு வயசுக்காரனை எவன் எடுப்பான்? நாலாவதா நாங்களே எடுத்துக்கறோம்."

ஜெயபால் சார் டோக்கனோடு வரிசையைப் பார்த்து நடந்தார். கிரண் நெஞ்சை நிமிர்த்தினான். தாஸ் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சார் கிரணைத் தாண்டி ஓர் அடி வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தாஸ் அண்ணனின் பேடை விரல் மடக்கி இரண்டு தட்டு தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார். ஒண்ணாம் நம்பர் டோக்கனை அவர் கையில் வைத்தார்.