எதிரில் ஒரு நாற்காலி

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், பல் பிரிவுக்கும் துணி துவைக்கும் அறைக்கும் நடுவே அவருடைய அறை. சிற்பக் கல்லூரியில் முதலாவதாகத் தேறியவர். நாற்சந்தியில் ஒரு சிலையாவது வைப்பார் என்று வீட்டார் நம்பியிருந்தார்கள். முப்பது வருஷமாக அவர் செய்ததெல்லாம் மூக்கும் காதும்தான். நோயிலோ விபத்திலோ அவற்றை இழந்தவர்களுக்கு மெழுகில் வடித்து, அச்செடுத்து, சிலிக்கோனில் வார்த்து, தோலின் நிறம் ஏற்றிக் கொடுப்பார். நர்சுகள் வைத்த பெயர் மூக்கு மாஸ்டர். அந்தப் பெயரோடேயே தலை நரைத்து, இடுப்பும் விட்டுப்போயிற்று.

எலும்பின் சரிவு, தோலின் தடிமன் எல்லாம் அரை மில்லிமீட்டர் பிசகாமல் அளப்பார். ஆனாலும் அளவை மட்டும் நம்பமாட்டார். மேசையருகே ஒரு மர நாற்காலி உண்டு. நோயாளியின் முகத்தை அதிகம் பார்த்தவர் யாரோ, அவர் வந்து அதில் உட்காரவேண்டும். அம்மாவோ, தம்பியோ, முடி வெட்டுகிறவரோ, யாரானாலும் சரி. "ஆமாம், இதுதான்" என்று அவர் தலையாட்டும்வரை மெழுகு அச்சுக்குப் போகாது.

போன வருஷம் அவர் மனைவிக்கே மூக்கில் கட்டி வந்தது. உயிர் பிழைத்தாள், மூக்குப் போயிற்று. நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் வேலை அவளுக்கு. நான்கு மாதமாக வாசற்படி தாண்டவில்லை. விடுப்பு முடிகிற திங்கட்கிழமைக்குள் மூக்கு சரியாக வராவிட்டால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இந்தத் தடவை நாற்காலியில யாரு சார்?" என்று கேட்டாள் அறையில் நிறம் கலக்கும் பெண்.

"இதென்ன கேள்வி? இருபத்தெட்டு வருஷமா குடும்பம் நடத்துறேன். நான்தான்."

வடித்தார். தாமே உட்கார்ந்தார், தாமே தலையாட்டினார். மனைவியை வரவழைத்து மெழுகைப் பொருத்தினார். அவள் நிலைக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தாள்.

"அழகா இருக்கு," என்றாள். "யாரோடது?"

மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினாள். அது சறுக்கிக்கொண்டு நுனிக்கு வந்துவிட்டது. அவள் முகத்துணியைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அவர் வீட்டுப் படங்களைக் கொட்டிப் பார்த்தார். எல்லாவற்றிலும் அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு நேராக நின்றாள். கண்ணை மூடி யோசித்தார். அவள் குரல் வந்தது, சாவியை நீட்டுகிற கை வந்தது. பக்கவாட்டு முகம் மட்டும் வரவேயில்லை. எப்படி வரும்? தினமும் மாலை வீடு திரும்பியதும், "மூஞ்சி பார்த்துப் பார்த்தே கண்ணு சலிச்சுப்போச்சு" என்று ஈரத்துண்டைக் கண்மேல் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். ஊரான் மூக்கெல்லாம் அத்துப்படி. கட்டியவள் மூக்கு தெரியாது. அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

வெள்ளிக்கிழமை வேறு வழியில்லாமல், நூலகத்தில் அவளுக்கு எதிர் மேசைக்காரிக்குப் போன் போட்டார். அவள் வந்து உட்கார்ந்த வேகத்திலேயே உதட்டைப் பிதுக்கினாள்.

"என்னண்ணே இது, இவ்வளவு வழவழன்னு? நடுவுல ஒரு சின்ன மேடு இருக்குமே, கண்ணாடி அதுலதான் நிக்கும். நுனி கொஞ்சம் இடது பக்கம் சாயும். இருபது வருஷமா பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா?"

அவள் சொல்லச் சொல்ல, அவர் மெழுகை ஒற்றினார், சுரண்டினார்.

திங்கட்கிழமை காலை சிலிக்கோன் மூக்கைப் பொருத்தி, மனைவி மூக்குக்கண்ணாடியை மாட்டினாள். அது மேட்டில் போய் நின்றது. நான்கு மாதம் கழித்து அவள் சிரித்தாள்.

"இது எத்தனை நாள் தாங்கும்?"

"ரெண்டு வருஷம். அப்புறம் வேற செய்யணும்."

"அப்போ அவளை மறுபடி அலையவிடாதீங்க. நீங்களே உட்காருங்க," என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அன்று மாலை அவர் வீடு திரும்பியபோது கண் எரிந்தது. துண்டை எடுக்கப்போன கை நின்றது. நாற்காலியை இழுத்து, புத்தகம் படித்துக்கொண்டிருந்தவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"என்ன?" என்றாள் அவள்.

"ஒண்ணுமில்ல. நீ படி," என்றார்.