தவராசா அண்ணை ஒட்ட மறுத்தது

கியூபெக்கில், புவாண்ட்-கிளேர் பகுதியின் ஒரு வணிக வளாகத்தின் கார் நிறுத்துமிடத்தில் நின்றபோதுதான் தவராசா அண்ணையின் மகள் அபிராமியின் அழைப்பு வந்தது. "அங்கிள், அப்பா காலமை எழும்பேல்லை" என்றாள். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. வாங்கிய சாமான்களைக் காரில் ஏற்றாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். என் இடத்துக்காகக் காத்திருந்த யாரோ ஹாரன் அடித்த பிறகே உடம்பு அசைந்தது.

தவராசா அண்ணையை உங்களில் பலருக்குத் தெரியும். சென்ட் லோரன்டில் கிடங்குகளுக்கு நடுவே இருந்த அவருடைய ஸ்டிக்கர் கடையில் பெயர் வெட்டி ஒட்டிக்கொள்ளாத தமிழ்க் கடை வான் இந்த ஊரில் குறைவு. யாழ்ப்பாணத்துக்காரர். மனைவியைச் சீக்கிரமே பறிகொடுத்து, பியர்பொன்ட்ஸ் பகுதி வீட்டில் மகள் அபிராமியைத் தனியாக வளர்த்தவர். தஞ்சாவூர்க்காரனான நான், மருந்துத் தொழிற்சாலை வேலை போன பிறகு, எழுத்து வடிவமைக்க அவரிடம் சேர்ந்தேன். முதல் நாள் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீர் கதைக்கிறது எனக்குச் சினிமா பாக்கிற மாதிரி இருக்கு" என்று சிரித்தார். ஊரே அவரை அண்ணை என்றது. என் வாயில் அது அண்ணே என்றுதான் வரும்.

கியூபெக்கில் காருக்குப் பின்புறம் மட்டும்தான் இலக்கத் தகடு. முன்புறம் வெறுமையாகக் கிடக்கும். அந்த வெறுமை அண்ணைக்குப் பிடித்தமான இடம். பிள்ளைகளின் பெயர், வேல், பனைமரம் என்று யார் எதைக் கேட்டாலும் முன்னுக்கு ஒட்டிக் கொடுப்பார். பின்னால் மட்டும் கை வைக்க விடமாட்டார். தகட்டின் ஆணி துருப்பிடித்துப்போய் வருபவர்களுக்கு, பனிக்குளிரிலும் வெளியே போய்க் குந்தியிருந்து புது ஆணி போட்டுத் தகட்டை அவரே பொருத்திவிடுவார்.

ஒருநாள் எங்களுடைய பெரிய வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். பல உணவகங்களின் முதலாளி. தாழ்வான புதுக் கார் வாங்கியிருந்தார். தகடும் அதைச் சுற்றியுள்ள சட்டகமும் காரின் அழகைக் கெடுக்கின்றன, அதே இலக்கத்தை ஸ்டிக்கராக அடித்து பம்பரில் ஒட்டித் தர வேண்டும் என்றார்.

"லண்டன்லை என்ரை மச்சான் ஒட்டித்தானே ஓடுறான். அங்கை சட்டப்படி சரி."

"அங்கை சரியா இருக்கலாம். இஞ்சை அரசாங்கம் தந்த தகடுதான் சட்டம்" என்றார் அண்ணை. "வேணுமெண்டால் மெல்லிய பிறேம் ஒண்டு போட்டு வடிவாப் பூட்டித் தாறன்."

"என்ரை உண்மையான நம்பரைத்தானே கேக்கிறன்? கள்ள நம்பரே?"

"இண்டைக்கு உங்கடை நம்பரை வெட்டினால், நாளைக்கு வாறவனுக்கு ஆரின்ரை நம்பர் எண்டு கேட்டே வெட்டுறது? நான் நம்பர் வெட்டுறேல்லை."

வந்தவர் கோபத்தோடு போனார். அவருடைய வேலைகள் எதுவும் அதற்குப் பிறகு எங்களிடம் வரவில்லை. மதியம் சாப்பிடும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "ஒரு ஸ்டிக்கர்தானே அண்ணே, இவ்வளவு பிடிவாதம் எதுக்கு?" என்று கேட்டேன்.

அவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவைத்தார். பிறகுதான் தன் தம்பி குகனைப் பற்றிச் சொன்னார். அண்ணை இங்கே வந்துவிட்ட பின் நடந்தது அது. யாழ்ப்பாணத்து வீட்டு வாசலில் ஒரு வெள்ளை வான் வந்து நின்றது. அதில் வந்தவர்கள் குகனை இழுத்து உள்ளே போட்டார்கள். அம்மா வானுக்குப் பின்னால் தெரு முடியுமட்டும் ஓடினார்.

"முறைப்பாடு குடுக்கப் போன இடமெல்லாம் ஒரே கேள்விதான். வானின்ரை நம்பர் என்ன? நம்பர் இருக்கிற இடத்திலை வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது எண்டு அம்மா சொன்னவ. வடிவாப் பாத்தியோ எண்டு திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறாங்கள். பேந்து அவவுக்கே சந்தேகம் வந்திட்டுது. தான் வடிவாப் பாக்கேல்லை, பாத்திருந்தால் பிள்ளை வந்திருப்பான் எண்டு நினைச்சுக்கொண்டே செத்துப்போனா."

அவர் எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். அதன் பிறகு அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அபிராமியின் கலியாணத்துக்கு வந்தவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். மாப்பிள்ளையின் நண்பர்கள் மணமக்கள் பெயரை ஸ்டிக்கராக அடித்து, காரின் பின் தகட்டை முழுதாக மறைத்து ஒட்டியிருந்தார்கள். மணமக்கள் ஏறும் நேரம். அண்ணை காரை மறித்தார். பட்டு வேட்டியோடு தரையில் முழங்காலிட்டு, ஹெயர் டிரையரால் பசையை இளக்கி, ஒரு எழுத்துக்கூடக் கிழியாமல் உரித்தெடுத்தார். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்கள். "அப்பா, ப்ளீஸ், எல்லாரும் பாக்கினம்" என்று அபிராமி கெஞ்சினாள். "முன்னுக்கு ஒட்டினால் இன்னும் வடிவாப் பாப்பினம், பிள்ளை" என்று சொல்லி முன் பம்பரில் ஒட்டிவிட்டார். அவள் அழுதுகொண்டே காரில் ஏறினாள். கார் போன பிறகு அண்ணை மண்டபத்துக்குள் வரவில்லை. வெகுநேரம் வெளியிலேயே நின்றிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். "பிள்ளைக்குச் சொல்லேலாது. இண்டைக்கு எப்பிடிச் சொல்லுறது?" என்றார். அதற்குப் பிறகும் அவர் சொல்லவில்லை.

இறுதிச் சடங்கு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு அபிராமி என்னிடம் வந்தாள். "அங்கிள், கலியாணத்தண்டு அப்பா ஏன் அப்பிடிச் செய்தவர்? கேட்டால் கோவிப்பார் எண்டு நான் கடைசிவரை கேக்கேல்லை."

சித்தப்பா ஒருவர் காணாமல் போனார் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். எப்படி என்று வீட்டில் யாரும் பேசியதில்லை. நான் சொன்னேன், என் தஞ்சாவூர்த் தமிழில், தட்டுத்தடுமாறி. வெள்ளைத்தாளை, அவளுடைய அப்பம்மா ஓடிய ஓட்டத்தை, கேட்கப்பட்ட கேள்வியை. அவள் கறுப்பு மேலங்கியைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"அப்பா அப்பம்மாவை நம்பினவரோ?"

"நம்பினாரும்மா" என்றேன்.

அண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதைத்தான். உலகம் முழுக்கச் சந்தேகப்பட்ட ஒரு தாயை, அவளே தன்னைச் சந்தேகப்பட்ட பிறகும், அவர் நம்பினார். தம்பியைப் பற்றிச் சொன்ன அன்று மதியம், கை கழுவ எழுந்தபோது "அம்மா வடிவாத்தான் பாத்தவ" என்று அவர் சொன்ன குரல் என் காதில் இருக்கிறது.