இரண்டு பேர் படுக்கும் கரவன்

இன்று நகரின் ஓரத்திலுள்ள குரோருட்டில் ஒருவரின் வீட்டு முற்றத்தில் எங்கள் முதல் கரவனை வாங்கினோம். காரில் கொழுவி இழுக்கும் மிகச் சிறிய வீட்டுவண்டி. இரண்டு பேர் படுக்கலாம்.

அதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தேன். கல்யாணமான நாள் முதல் எந்தக் கோடையிலும் நாங்கள் இருவர் மட்டும் எங்கும் போனதில்லை.

கையெழுத்துப் போடும் நேரத்தில் கணவர், "அம்மாட்டைச் சொல்லாமல் எப்பிடி வாங்கிறது?" என்று போனை எடுத்தார்.

விற்பவர் பேனையை நீட்டியபடி நின்றார். அதை வாங்க வந்த இன்னொரு சோடி சக்கரங்களைக் குனிந்து பார்த்தது.

மாமியின் குரல் எனக்கும் கேட்டது. "நல்லது ராசா. எத்தினை பேர் படுக்கலாம்?"

மேசையை மடித்தால் இன்னும் இருவருக்கு இடம் வரும் என்று விற்பவர் சற்றுமுன்தான் காட்டியிருந்தார். கணவர் என்னைப் பார்த்தார்.

"ரெண்டு பேர்தான் அம்மா."

மாமியின் குரல் மறுபடி வந்தது.

"ஓம், அது காணும். அப்பாவும் நானும் கூடாரம் கொண்டு வாறம். பக்கத்திலை அடிப்பம்."

கையெழுத்துப் போட்டோம்.

கூடாரம் அடிக்க விடாத, கரவன் மட்டும் நிறுத்தக்கூடிய இடம் யாருக்காவது தெரியுமா? தனியாக எழுதுங்கள். கணவரின் சகோதரி, என் மச்சாள், இந்தப் பதிவை வாசித்தால் சமாளிப்பேன். இடத்தின் பெயரை மட்டும் அவள் வாசிக்கக்கூடாது, உடனே மாமியிடம் சொல்லிவிடுவாள்.